பட்டணத்தைக் கட்டியவனுக்குப் பாதுகாப்பு எங்கே?



நைஜீரியாவின் லாகோஸ் நகரில் 1950-ல் ஜனத்தொகை சுமார் 3 லட்சம். இன்றோ ஒரு கோடிக்கு மேல். கிராமத்தில் பிழைப்பற்று வந்தவர்களே கல் சுமந்து அந்த நகரைக் கட்டினார்கள்.

திருடனைக் கண்டு பயம் என்கிறார்கள் மாளிகைவாசிகள். குடிசைவாசிக்கோ புல்டோசரைக் கண்டு பயம்!

1990 ஜூலையில் ராணுவ சர்க்கார் மரோகோ என்ற குடிசைப் பகுதியை இடித்தது. சுமார் 3 லட்சம் பேர் தெருவில் நின்றனர். அந்த மண்ணில் பின்னர் எழுந்தவை பணக்காரர் வீடுகள்.

ஒட்டோடோ பாமே மீனவர் குப்பத்தை இடிக்கக் கூடாதென 2016-ல் கோர்ட் தடை விதித்தது. தடையை மீறி 2017-ல் மீண்டும் இடித்தார்கள். 30,000-க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அது மனிதத்தன்மையற்ற செயலென அவ்வாண்டு ஜூனில் தீர்ப்பு வந்தது. அதற்குள் குப்பம் தரைமட்டம்!

நாம் கேட்கிறோம்: குடியிருக்கும் மண்ணில் உரிமையில்லாமல் உழைப்பாளிக்குப் பாதுகாப்பு ஏது?