பிள்ளையின் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைக்காதே!

(வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்போரின் குடும்பங்களுக்காக அம்பர்நாத்தில் கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆயுதத் தொழிற்சாலையையும் கெமிக்கல் கம்பெனிகளையும் நம்பி நம் தாத்தாக்கள் இந்த அம்பர்நாத்துக்கு வந்தார்கள். பேரப் பிள்ளைகள் இங்கேயே ஃபிட்டர் வேலை பழகி, வெல்டிங் பழகி, அபுதாபிக்கும் சவூதியின் ஜுபைலுக்கும் விமானம் ஏறினார்கள். அந்தப் பணத்தில் வீடு கட்டினோம், தங்கைகளைக் கரையேற்றினோம், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அங்கே போன புருஷனும் இங்கே இருக்கிற பெண்டாட்டியும் பிரிந்தால் பிள்ளை கதி என்ன என்று இந்த ஊரில் எந்த மேடையாவது பேசியதுண்டா? இன்றைக்குப் பேசுவோம்.

ஒரே சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், எதிரெதிர் வீட்டில் குடியிருக்கிற இரண்டு பெண்கள் என்னிடம் வந்தார்கள். ஒருத்தி திருநெல்வேலிப் பக்கத்து இந்துக் குடும்பம். மற்றவள் ராவுத்தர் முஸ்லிம் வீட்டுப் பெண். இருவரும் சில வருஷம் ஷார்ஜாவில் குடும்பம் நடத்தித் திரும்பியவர்கள். இருவர் கையிலும் ஜவுளிக்கடைப் பை. ஒரு பையில் கல்யாணப் பத்திரிகை, மண்டபத்தில் எடுத்த போட்டோ, பிறப்புச் சான்றிதழ் நகல், சாதிச் சங்கத்தில் வைத்து எழுதிய நூறு ரூபாய் விடுதலைப் பத்திரம். இன்னொரு பையில் நிக்காஹ் தஃப்தர் என்ற திருமணப் பதிவேட்டின் நகல், தடுப்பூசி அட்டை, ஜமாஅத் லெட்டர்பேடில் குலா, அதாவது மனைவி கேட்டு வாங்கும் மணமுறிவு, எழுதிக் கொடுத்த தாள். பிள்ளையின் பாஸ்போர்ட் எங்கே அம்மா என்று கேட்டேன். லீவில் வந்தவர் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

சாமி வேறு, சடங்கு வேறு. பாஸ்போர்ட்டைப் பூட்டிய பெட்டி மட்டும் ஒன்றாக இருக்கிறது பாருங்கள்!

ஐக்கிய அரபு அமீரகத்தின் சட்டம் இந்த இரண்டு பெண்களையும் வெவ்வேறு வாசலில் நிறுத்துகிறது. முஸ்லிம்களுக்கு முன்பு நடப்பில் இருந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண் பிள்ளை 11 வயது வரை, பெண் பிள்ளை 13 வயது வரை தாயின் பராமரிப்பில் இருந்தது. ஆனால் ‘வலீ’ என்ற பாதுகாவலர் அதிகாரம் தகப்பனுக்கு இருந்தது. பாஸ்போர்ட் அவன் கையில் இருந்தது. அவன் எழுதிக் கொடுக்காமல் தாய் பிள்ளையோடு நாட்டை விட்டு வெளியேற முடியவில்லை. ஊட்டி வளர்த்தது அவள், கையெழுத்துப் போட்டது அவன்! முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 2023 பிப்ரவரி 1 முதல் தனி சிவில் சட்டம் வந்தது. யார் குற்றவாளி என்று நிரூபிக்காமலே விவாகரத்து கேட்கலாம். பிள்ளை இருவரின் கூட்டுப் பொறுப்பில் வளரும்.

அப்படியானால் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடந்தது. 2024-இல் புதிய குடும்பச் சட்டம் எழுதி, 2025 ஏப்ரல் 15 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆணோ பெண்ணோ, பராமரிப்பு வயது 18 வரை. 15 வயது நிரம்பிய பிள்ளை, யாரோடு இருக்க வேண்டும் என்று தானே சொல்லலாம். இது நடந்திருப்பது ஒரு அரபு நாட்டில்! அங்கே மார்க்கம் அப்படியே இருக்கிறது, சட்டம் மாறியிருக்கிறது. “இதெல்லாம் மார்க்க விஷயம், கை வைக்க முடியாது” என்று நம் ஊரில் பெண்களின் வாயை அடைக்கிற பெரியவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இந்துச் சகோதரர்களே, நீங்கள் கைதட்ட வேண்டாம். அடுத்த செய்தி உங்களுக்கு. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டத்தில் ஆறாம் பிரிவைப் படித்துப் பாருங்கள். இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவருக்குப் பிறகுதான் தாய் என்று இன்றைக்கும் அச்சில் இருக்கிறது. கோயம்புத்தூரில் பிறந்து இந்தப் பம்பாயில் வளர்ந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், தன் மகன் பெயரில் பாண்டு வாங்க ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தார். தகப்பன் கையெழுத்து எங்கே என்று கேட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். தகப்பன் பொறுப்பில் இல்லாத நிலையில், அவர் உயிரோடிருந்தாலும், தாயே காப்பாளர் என்று 1999-இல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்து இத்தனை வருஷம் ஆகியும் சட்டத்தின் வாசகத்தைத் திருத்த ஆளில்லை.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். முஸ்லிம் பெண் கோர்ட்டுக்குப் போய்த் திருமணத்தை ரத்து செய்யச் சட்டம் வந்தது 1939-இல். புருஷன் நான்கு வருஷம் இருக்குமிடம் தெரியாமல் போனாலும், இரண்டு வருஷம் செலவுக்குக் கொடுக்காவிட்டாலும் அவள் வழக்குப் போடலாம். இந்துப் பெண்ணுக்குப் பம்பாய் மாகாணத்தில் 1947, சென்னை மாகாணத்தில் 1949, நாடு முழுவதற்கும் 1955. கிறிஸ்தவப் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான காரணங்கள் கிடைத்தது 2001-இல்தான். எந்த மதத்துக்காரர் எந்த மதத்துக்காரரைப் பார்த்துச் சிரிப்பது?

இப்போது பணத்துக்கு வருகிறேன். அமீரகத்தில் குடும்பத்தைக் கூட்டிப் போக 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும், அல்லது 3,000 திர்ஹமும் கம்பெனி தரும் வீடும் வேண்டும். ஹெல்பராகப் போகிறவனுக்கு இது எட்டுமா? அவன் தொழிலாளர் கேம்பில், பெண்டாட்டி அம்பர்நாத்தில். அவளுக்கு அந்த நாட்டு கோர்ட்டின் வாசல்படிகூடத் தெரியாது. கூட்டிப் போகப்பட்டவள் நிலை இன்னொரு விதம். அவள் புருஷனுடைய விசாவில் நிற்கிறாள். சண்டை வந்தால் “கேன்சல் பண்ணிடுவேன்” என்ற ஒரு வார்த்தை போதும், அவள் அடங்கிவிடுவாள். விவாகரத்தான பெண் ஒரு வருஷம் அங்கேயே தங்க 2018 முதல் அனுமதி உண்டு. இதை அவளுக்கு யார் சொன்னது?

சரி, இங்கே நாம் என்ன செய்கிறோம்? சங்க அலுவலகத்தில் நாலு பேர் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறோம். “இனி ஒருவர் மேல் ஒருவருக்கு உரிமை இல்லை, குழந்தை தகப்பனைச் சேர்ந்தது” என்று ஒரு வரி. அழுதுகொண்டிருக்கிறவளிடம் பேனாவைக் கொடுக்கிறோம். ஜமாஅத்திலும் இதே கதைதான். காஜி கொடுக்கிற தலாக் சான்றிதழ் வெறும் கருத்துதான், கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது என்று வழக்கறிஞர் பதர் சயீத் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. ஷரியத் கவுன்சில் எழுதித் தரும் குலா செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குப் போ என்று 2023-இல் சொன்னது. இந்து வழக்கத்தில் தீர்த்துவிடுவதைச் சட்டம் ஏற்கிறது என்றாலும், அந்த வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது என்று கோர்ட்டில் நிரூபித்தாக வேண்டும். பிள்ளை விஷயத்திலோ, தாயும் தகப்பனும் சேர்ந்தே எழுதிக் கொடுத்தாலும் கோர்ட் அதற்குக் கட்டுப்படாது, பிள்ளையின் நலனைத்தான் பார்க்கும். பிறகு எதற்கு அந்த வரி? அவளைப் பயமுறுத்தத்தானே!

மேல் கோர்ட்டே தடுமாறிய விஷயம் இது. இங்கிலாந்தில் பிறந்த இரண்டு பெண் குழந்தைகளைத் தாய் கோயம்புத்தூருக்குக் கூட்டி வந்தார். இங்கிலாந்து கோர்ட்டுக்கு மதிப்புக் கொடுத்து, பிள்ளைகளைத் திருப்பி அழைத்துப் போகச் சொல்லி 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017-இல், மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு வேறொரு வழக்கில் அந்தப் பார்வையை ஏற்காமல், வெளிநாட்டு உத்தரவு ஒரு அம்சம் மட்டுமே, பிள்ளையின் நலனே முதன்மை என்றது. இடையில் அந்தக் குழந்தைகளுக்குப் போன காலத்தை யார் திருப்பித் தருவது? எல்லை தாண்டிக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளுக்கான 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை, அமீரகமும் சேரவில்லை. சேரலாம் என்று 2009-இல் சட்ட ஆணையம் சொன்னது. சேர்ந்தால், அடிபட்டு ஓடி வந்த தாயையும் திருப்பி அனுப்ப வேண்டி வருமே என்ற அச்சம் நியாயமானதுதான். அதற்காக, எந்த ஏற்பாடுமே செய்யாமல் ஒரு நாடு கை கட்டி நிற்பதா?

பெண்களிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பது நாள் லீவில் வருகிறவனுக்குப் முகத்தைக் காட்டாமல் பிள்ளையைச் சொந்த ஊருக்கு அனுப்பிவிடுகிற தாய்மாரும் இருக்கிறார்கள். பொம்மை வாங்கி வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிற தகப்பனும் நம் பிள்ளைதான். அவனும் கோர்ட்டுக்குப் போகட்டும். பிள்ளை வழக்கமாகக் குடியிருக்கும் இடத்துக் கோர்ட்டே இதை விசாரிக்கும் என்று 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் சொல்கிறது. அம்பர்நாத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் வழக்கு இந்தத் தாணே மாவட்டத்தில் நடக்க வேண்டும், கேம்பில் உட்கார்ந்து அனுப்பும் வாட்ஸ்அப்பில் அல்ல.

தங்கைகளே, உங்களுக்கு வழியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தகப்பன் சம்மதம் தரவில்லை என்றால், அதைச் சொல்லி பாஸ்போர்ட் அலுவலகத்தின் அனெக்ஸர் சி படிவத்தில் உறுதிமொழி கொடுத்துப் பிள்ளைக்குத் தாயே பாஸ்போர்ட் கேட்கலாம். அமீரகக் கோர்ட்டின் பணத் தீர்ப்பை இந்திய மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்ற 2020 ஜனவரியில் அறிவிப்பு வந்துவிட்டது. முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டப்படி ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்திருக்கிறது. முதலில் கல்யாணத்தை நகர் பரிஷத்தில் பதிவு செய்யுங்கள். ஃபேமிலி விசாவுக்காக அந்தச் சான்றிதழுக்கு மாநிலத் தலைமைச் செயலகமான மந்த்ராலயாவில் முத்திரை வாங்க ஓடுகிறவன், உங்கள் கைக்கு ஒரு பிரதி கொடுத்திருக்கிறானா என்று பாருங்கள்.

இந்த மேடையில் சங்கத் தலைவர்களும் இருக்கிறீர்கள், ஜமாஅத் நிர்வாகிகளும் இருக்கிறீர்கள். உங்களை எதிரியாக நினைத்துப் பேசவில்லை. பசித்தவளுக்கு முதல் சோறு போடுகிறவர்கள் நீங்கள்தான். சமாதானம் பேசுங்கள், அரிசி கொடுங்கள், வக்கீல் ஃபீஸ் கொடுங்கள். பிள்ளை யாருக்கு என்று மட்டும் இனி எழுதாதீர்கள். பஞ்சாயத்துக்கு வருகிற தகப்பனிடம், முதலில் பாஸ்போர்ட்டை மேஜை மேல் வை, அப்புறம் பேசலாம் என்று சொல்லுங்கள்.

ஓட்டுக் கேட்டு இந்தச் சால்களுக்குள் வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வெளிநாட்டு இந்தியர் திருமணங்களைப் பதிவு செய்யும் மசோதாவை 2019 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் கொண்டுவந்தார். 2020 மார்ச்சில் நிலைக்குழு அறிக்கை கொடுத்தது. 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் தன் 287-ஆவது அறிக்கையில், பிள்ளைப் பராமரிப்பையும் ஜீவனாம்சத்தையும் சேர்த்து முழுமையான சட்டம் வேண்டும் என்றது. அந்தச் சட்டம் எங்கே? பதில் சொல்லாதவருக்கு நம் தெருவில் பந்தல் போட இடம் கொடுக்காதீர்கள்.