பூஜ்யம் புள்ளி எட்டு

இந்த எபிசோடுல கோடிங் கிடையாது, இன்டர்வியூ டிப்ஸ் கிடையாது. ஒரு புள்ளியைக் கவனிக்காம விட்டு எங்க நைனாவோட கணுக்காலை நான் உடைச்ச கதை. நைனான்னா அப்பா. வடசென்னைக்காரங்களுக்கு விளக்கம் தேவையில்ல.

எங்க வீடு திருவொற்றியூர்ல. நைனா ஹார்பர்ல கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர். அவர்கிட்ட 1986 மாடல் புல்லட் 350 இருக்கு. அது பிறந்ததும் எங்க ஊர்லதான். 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ரெட்டிச்ல இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியான்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. ராணுவம் கேட்ட புல்லட்டுகளுக்காக ஆரம்பிச்ச கதை அது. அந்த ஃபேக்டரி திருவொற்றியூர்லதான் வந்தது. ரெட்டிச் கம்பெனி மூடிப்போச்சு, எங்க ஊர் வண்டி இன்னும் ஓடுது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கெத்தாத்தான் இருக்கும்.

இப்போ டைமிங். பிஸ்டன் மேலே ஏறி பெட்ரோல் கலவையை அழுத்தும்போது பிளக்ல பொறி விழணும். எரியறதுக்கும் கொஞ்ச நேரம் ஆகும்ங்கிறதால, பிஸ்டன் உச்சியைத் தொடுறதுக்குச் சற்று முன்னாடியே விழணும். இந்த 350-க்கு அந்த 'சற்று' 0.8 மில்லிமீட்டர். கிராங்க் கணக்குல ஏறக்குறைய 10 டிகிரி. வேகம் கூடக்கூட பொறி இன்னும் முன்னாடி வரணும். அதைச் சின்னச் சின்ன எடைகளும் ஸ்பிரிங்கும் வச்ச ஆட்டோ அட்வான்ஸ் பார்த்துக்கும்.

பொறியை வரவைக்கிறது சிபி பாயிண்ட். அந்த இரண்டு முனையும் பிரியற நொடியிலதான் பொறி. பேட்டரியே இல்லாம மேக்னெட்டோவுல ஓடின பழைய டிராக்டர்லயும், 50-கள்ல வந்த இங்கிலாந்து புல்லட்லயும் இதே விதிதான். டிராக்டரைக் கையால ஹேண்டில் சுத்தி ஸ்டார்ட் பண்ணணும். பொறி சீக்கிரமே விழுந்தா எஞ்சின் பின்பக்கமா உதறி ஹேண்டில் கையைத் திருகிடும். அதனாலதான் பல மேக்னெட்டோக்கள்ல, மெதுவா சுத்தும்போது மட்டும் பொறியைத் தாமதப்படுத்த ஒரு ஸ்பிரிங் அமைப்பு வச்சாங்க. புல்லட்ல அடி வாங்குறது கை இல்ல, கால்.

ஒரு ஞாயித்துக்கிழமை நைனா தூங்கும்போது நான் பாயிண்டை மாத்தினேன். சர்ப்ரைஸ் பண்ணலாம்னு. ஒரு பழைய ஜெராக்ஸ் மேனுவல்ல இருந்த 0.8-ல புள்ளி அழிஞ்சிருந்தது. 08-னு படிச்சேன். எட்டு மில்லிமீட்டர்! தட்டைத் திருப்பினது போதாம நடு போல்ட்டைக் கழற்றி, கேமையே எடுத்து வேற இடத்துல மாட்டி, அந்த எட்டைக் கொண்டுவந்தேன். சுமார் 30 டிகிரி. 'இவ்ளோ கஷ்டப்பட்டா வரணும்?'னு ஒரு தடவைகூட யோசிக்கல. இன்ஜினியரிங் டிகிரி இருக்கு மக்களே.

சாயங்காலம் நைனா கிக்கரை மிதிச்சார். வண்டி திருப்பி மிதிச்சது. வலது கணுக்கால்ல கிராக், மாவுக்கட்டு.

இதுல கேவலம் என்னன்னா, நான் வாயைத் திறக்கல. "வயசாயிடுச்சுடா, கால்ல தெம்பு இல்ல. ஒழுங்கா மிதிக்கல"ன்னு அவரே சொல்லிக்கிட்டார். பழைய புல்லட்ல கியரும் வலது பக்கம்தான், கிக்கரும் வலது பக்கம்தான். "இனிமே எதுக்கு இது"ன்னு ராயபுரத்துல ஒருத்தர்கிட்ட விலையும் பேசிட்டார். அந்த ஆள் டோக்கன் அட்வான்ஸோட வந்து நின்னப்போதான் எனக்கு வாய் வந்துச்சு.

நைனா திட்டுவார்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல. அப்புறம் வந்தவரைப் பார்த்து, "வண்டி விக்கல, மன்னிச்சுக்கோ தம்பி"ன்னார். என்னைப் பார்த்து, "ஸ்பேனர் எடு" அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து, கட்டு போட்ட காலை ஸ்டூல் மேல வச்சுக்கிட்டு, அவர் சொல்லச் சொல்ல நான் செஞ்சேன். சென்டர் ஸ்டாண்ட், டாப் கியர், பிளக்கைக் கழட்டு. இப்போ பின் சக்கரத்தைக் கையால சுத்தினா பிஸ்டன் ஏறி இறங்கும். ஆனா நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்ல பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வரும், ஒண்ணுலதான் அழுத்தம். எது நம்ம உச்சின்னு எப்படித் தெரியும்? டாப்பெட் மூடியைத் திறந்து புஷ்ராடை விரலால உருட்டிப் பார்க்கணும். இரண்டும் லேசா சுத்தினா இரண்டு வால்வும் மூடியிருக்குன்னு அர்த்தம்.

பிளக் ஓட்டையில ஒரு சைக்கிள் ஸ்போக். உச்சியில சக்கரம் கொஞ்சம் நகரும், ஸ்போக் நகராது. "அந்த மந்தமான இடத்துக்கு நடுவைப் பிடி"ன்னார். அங்கிருந்து சக்கரத்தை நல்லா பின்னாடி கொண்டுபோய், திரும்ப முன்னாடி மெதுவா வந்து 0.8-ல நிறுத்தணும். நேரா பின்னாடி வந்து நிறுத்தினா கியர் பல்லுக்கு நடுவுல இருக்கிற லூஸ் ஏமாத்திடும். இது எந்த வீடியோலயும் நான் கவனிக்காத விஷயம்.

முதல்ல பாயிண்ட் முழுசா திறக்கும்போது இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர். இதை மாத்தினா டைமிங்கும் மாறும், அதனால இதுதான் முதல் வேலை. அப்புறம் சாவியைப் போட்டு ஹெட்லைட் மேல இருக்கிற ஆம்மீட்டரைப் பார்க்கணும். பாயிண்ட் மூடியிருந்தா முள் மைனஸ் பக்கம் சாயும், பிரிஞ்சா நடுவுக்குத் துள்ளும். பேட்டரி இல்லாத மேக்னெட்டோவுல இந்த வசதி இல்ல. அங்க பாயிண்ட் நடுவுல மெல்லிய தாளை வச்சு, அது எப்போ உருவி வருதுன்னு பார்ப்பாங்க.

நான் தட்டை மயிரிழை மயிரிழையா திருப்பினேன், நைனா முள்ளைப் பார்த்தார். "தாண்டிட்ட. திரும்ப வா." இப்படி ஒன்றரை மணி நேரம். வெளியே எண்ணூர் பக்கம் போற கன்டெய்னர் லாரிங்க ஒவ்வொண்ணா போகும்போது முள்ளும் ஸ்போக்கும் சேர்ந்து நடுங்கும். லாரி போற வரைக்கும் காத்திருக்கணும்.

கடைசியில மிதிக்க வேண்டியது நான். சத்தியமா பயம். டிகம்ப்ரஷனைப் பிடிச்சு, முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, உச்சியைக் கொஞ்சம் தாண்ட விட்டு, கண்ணை மூடி மிதிச்சேன். ஒண்ணும் இல்ல. இரண்டாவது மிதியில பிடிச்சுடுச்சு. டப்... டப்... டப்... எதிர் வீட்டு ஆயா வெளிய வந்து பார்த்துட்டுப் போச்சு.

நைனா தலையைச் சாய்ச்சு ஒரு நிமிஷம் கேட்டார்.

"கொஞ்சம் லேட்டா விழுது"ன்னார். "நாளைக்குத் திரும்பப் பார்க்கலாம். அந்த மேனுவலைக் கொண்டா, புள்ளியை நான் பேனால வச்சுடுறேன்."