விடை தெரிந்தால் போதுமா?

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பொது அறிவு பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி செயலாளர் கேட்டபோது உடனே சம்மதித்தேன். காரணம், இந்தச் சபைக்கு நான் ஒரு கடன்காரன்.

சென்ற ஆண்டு இதே மண்டபத்தில் நடந்த வினாவிடைப் போட்டிக்கு நான் நடுவராக இருந்தது உங்களுக்கு ஞாபகமிருக்கும். "சூரியனைச் சுற்றிவரும் கிரகங்கள் எத்தனை?" என்று கேட்டேன். ஒரு பிள்ளை எழுந்து "எட்டு" என்றாள். என் கையிலிருந்த புத்தகத்தில் "ஒன்பது" என்று இருந்தது. பிழையென்று சொல்லி எதிர் அணியைக் கேட்டேன். அவர்கள் "ஒன்பது" என்றார்கள். ஐந்து புள்ளி கொடுத்தேன். மூன்று புள்ளி வித்தியாசத்தில் அந்தப் பிள்ளையின் அணி தோற்றது. நடுவரோடு வாதாடக்கூடாதென்று வளர்க்கப்பட்டவள் போலும், வாய் திறவாமல் அமர்ந்துவிட்டாள்.

அன்றிரவு வீட்டில் பார்த்தபோதுதான் என் பிழை தெரிந்தது. 1930 இல் அமெரிக்கரான கிளைட் டொம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்தார். அதற்கு அப்பெயரை முன்மொழிந்தவள் இங்கிலாந்தில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி. அன்றுமுதல் கிரகங்கள் ஒன்பது என்று உலகமெங்கும் பிள்ளைகள் பாடமாக்கினார்கள். ஆனால் புளூட்டோவை ஒத்த பருமனுள்ள ஏரிஸ் என்னும் கோளம் 2005 இல் அறிவிக்கப்பட்டது. இதைச் சேர்த்தால் அடுத்ததையும் சேர்க்கவேண்டும், முடிவு ஏது? 2006 இல் சர்வதேச வானியல் ஒன்றியம் பிராக் நகரிற் கூடி, கிரகம் என்பதற்கு வரைவிலக்கணம் வகுத்தது. தன் பாதையிலுள்ள பிற பொருள்களை அகற்றித் தனியாட்சி செய்வதே கிரகம் என்றார்கள். அந்தச் சோதனையிற் புளூட்டோ தேறவில்லை, குறுங்கோள் ஆயிற்று. ஆகவே "எட்டு" என்பதே சரி.

"நவக்கிரகம் ஒன்பதுதானே, ஏன் கவலைப்படுகிறீர்?" என்று நண்பர் ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலை நான் ஏற்கவில்லை. கோயிலில் நாம் வலம்வரும் ஒன்பதில் சூரியனும் சந்திரனும் உண்டு; பூமி இல்லை. இராகுவும் கேதுவும் சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதையைச் சந்திரனின் பாதை வெட்டுகின்ற இரு புள்ளிகள். அது வேறு கணக்கு. ஒன்றைக்கொண்டு மற்றதற்குச் சாட்சி சொல்லலாகாது.

அதன்பின் அந்தப் புத்தகத்தை முழுவதும் சோதித்தேன். "எவரெஸ்ற் சிகரத்தின் உயரம் 8,848 மீற்றர்" என்றிருந்தது. பிழை சொல்லமுடியாது. ஆனால் அது 1955 இல் இந்திய அளவையாளர் கண்ட கணக்கு. 2020 இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது 8,848.86. எனக்கு வியப்பளித்தது அதுவன்று. 1856 இல் வெளியிட்ட முதற் கணக்கு 29,002 அடி. நேபாளத்துள் நுழைய அனுமதியில்லாதபடியால், நூறு மைலுக்கும் அப்பால் இந்தியச் சமவெளியில் நின்று கோணம் அளந்தார்கள். வங்காளத்து இராதாநாத் சிக்தார் கணக்கிட்டார். இன்றைய அளவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஏறக்குறைய முப்பது அடிதான்! எண்ணைமட்டும் பாடமாக்கிய பிள்ளைக்கு இந்த அற்புதம் தெரியவராது. இன்னுமொன்று: பூமியின் மையத்திலிருந்து அளந்தால் எவரெஸ்றை ஈக்குவடோர் நாட்டுச் சிம்பொராசோ வென்றுவிடும். பூமி நடுவிலே சற்றுப் புடைத்திருப்பதே காரணம். நம் நாட்டிலும் சிவனொளிபாதமலையே உயர்ந்ததென்று எண்ணுவோர் பலர். அது 2,243 மீற்றர், பீதுறுதாலகால 2,524.

சங்கீதத்துக்கு வருவோம். "மேளகர்த்தா இராகங்கள் எத்தனை?" என்றால் "எழுபத்திரண்டு" என்று இங்குள்ள சிறுமியரும் சொல்வர். ஏன் எழுபத்திரண்டு? ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாதவை. மத்திமம் இரண்டு வகை. ரிஷபமும் காந்தாரமும் நான்கு தானங்களில் இரண்டைப் பிடிக்கவேண்டும். அதற்கு ஆறு வழிகளே உண்டு. தைவத நிஷாதங்களுக்கும் அவ்வாறே ஆறு. ஆறை ஆறாற் பெருக்கி, மத்திமத்துக்காக இரட்டித்துப் பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி தம் நூலில் நிறுவிய கணக்கு இதுவே. சரளிவரிசை பாடும் மாயாமாளவகௌளை எத்தனையாவது மேளம்? பட்டியலைத் தேடவேண்டாம். கடபயாதி முறையில் 'மா' ஐந்து, 'யா' ஒன்று. திருப்பி வாசித்தால் பதினைந்து. சங்கராபரணத்தின் முன் 'தீர' என்று ஒட்டியதும் இருபத்தொன்பது என்னும் எண் வருவதற்காகவே. பெயரிலேயே இலக்கத்தை ஒளித்துவைத்த நம் முன்னோரின் சாமர்த்தியத்தை என்னென்பது!

பேசும் படங்களைப் பற்றியும் புத்தகத்தில் இரண்டு வரி இருந்தது. முதல் தமிழ்ப் பேசும் படம் 1931 இல் வந்த "காளிதாஸ்". சரிதான். ஆனால் கதாநாயகி ரி. பி. இராஜலட்சுமி தமிழிற் பேச, மற்றையோர் தெலுங்கிலும் பேசினார்கள் என்பது அதில் இல்லை. முதல் சிங்களப் பேசும் படமான "கடவுணு பொறொந்துவ" 1947 இல் வந்தது, தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர், படம் பிடித்தது தென்னிந்தியாவில். இதை இளைஞர்கள் அறிந்திருப்பது நல்லது.

பணத்தைப்பற்றி ஒரு வார்த்தை. ஒரு ரூபாவுக்கு நூறு சதம் என்ற கணக்கு இலங்கைக்கு 1872 இலேயே வந்துவிட்டது. இந்தியா அணாவை விட்டது 1957 இல். பிரித்தானியா சில்லிங்கை விட்டது 1971 இல். ஆண்ட நாடு தொண்ணூற்றொன்பது ஆண்டு பிந்தியதேன் என்று இம்முறை போட்டியிற் கேட்க எண்ணியுள்ளேன். விடையை இப்போதே சொல்லமாட்டேன்.

அந்தப் புத்தகம் நமது வாசிகசாலையில் இருக்கிறது. எறியவில்லை, அது அச்சான ஆண்டு 1988 என்பதை அட்டையிற் சிவப்பு மையால் எழுதிவைத்திருக்கிறேன். செயற்குழு இசைந்தபடி, சென்ற ஆண்டுப் புள்ளிகளை இன்று திருத்தி வாசிக்கிறேன். ஐந்தை அங்கே கழித்து இங்கே கூட்டினால் தோற்ற அணி ஏழு புள்ளியால் வென்றதாகிறது. அன்று வென்ற அணித்தலைவரான தம்பி, நான் கேட்குமுன்பே கேடயத்தைத் துடைத்துக் கொண்டுவந்து இந்த மேசையில் வைத்துவிட்டார்.

பிள்ளை, பின் வரிசையில் இருக்கிறாயல்லவா? மேடைக்கு வா.