மழலைக்கு முதல் வாத்தியம்



மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இசையை எவ்வாறு அறிமுகம் செய்வது என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வாழும் நம் குடும்பத்துப் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே வினாதான்: "கீபோர்டா, வயலினா, வீணையா, எதில் சேர்ப்பது?" விடை சொல்வதற்கு முன் நாம் வேறொன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். அந்த வயதில் முதலில் பழக்கவேண்டியது குழந்தையின் விரலையா, செவியையா?

வயலினில் சுருதி சேர்ந்த ஓர் ஒலியை எழுப்பவே மாதங்கள் ஆகும். புல்லாங்குழலின் துளைகள் பிஞ்சு விரல்களுக்கு எளிதில் எட்டா. இவ்விடத்தில் சிலர், 1933 ஆம் ஆண்டு மயிலாப்பூர்த் தியாகராஜர் உற்சவத்தில் ஏழு வயதுப் பாலகராகக் குழல் கச்சேரி செய்த டி.ஆர். மகாலிங்கம் அவர்களை எடுத்துக்காட்டுவார்கள். மாலி ஒருவர்தாம்! அவரை அளவுகோலாக வைத்து நம் வீட்டுக் குழந்தையை அளப்பது நியாயமன்று.

கீபோர்டில் தொட்டவுடன் சரியான ஒலி பிறக்கிறது. அது அதன் நன்மை. ஆனால் குழந்தை எந்தக் கட்டையை அழுத்துவது என்பதைக் கண்ணால் பார்த்தே அறிந்துகொள்கிறது. செவிக்கு வேலை இல்லாமல் போகிறது. இரண்டு ஆண்டுகள் வகுப்புக்குச் சென்றும், ஒரு சுரத்தைக் கேட்டு அதைத் திரும்பப் பாட இயலாத குழந்தைகளைப் பலமுறை கண்டிருக்கிறேன். அத்தகைய குழந்தை "எனக்குப் பாட்டு வராது" என்று தானே முடிவு கட்டிவிடுகிறது. பத்து வயதில் வேரூன்றிய அந்த எண்ணத்தை ஐம்பது வயதிலும் சுமந்து திரிவோர் இந்த அரங்கிலேயே சிலர் இருக்கக்கூடும்.

இதற்கு மாற்று வழி ஒன்றை வகுத்தவர் நம் அடையாற்றில் வாழ்ந்து பாடம் நடத்தியிருக்கிறார். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார், பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939 ஆம் ஆண்டு தம் மகன் மாரியோவுடன் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. அடையாறு வளாகத்தில் அவர் நடத்திய முதல் பயிற்சியில் ஏறத்தாழ 300 பேர் கலந்துகொண்டனர். 1940 இல் இத்தாலி போரில் இறங்கியதும், இங்கிருந்த இத்தாலியர் பகைநாட்டவர் ஆயினர். மாரியோ சிறைவைக்கப்பட்டார், அம்மையாரோ வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று ஆணையாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 31, அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாள். அதனை முன்னிட்டு மகன் விடுவிக்கப்பட்டார். சில மாதங்கள் தங்குவதற்கென வந்தவர் 1946 வரை இந்தியாவிலேயே தங்கிப் பணிபுரிந்தார்.

அம்மையாரின் பயிற்சிக் கருவிகளுள் மணிகளும் உண்டு. அன்னா மரியா மக்கெரோனி என்னும் இசையறிந்த பெண்மணியின் துணையுடன் அவை உருவாக்கப்பட்டன. தண்டின்மேல் கவிழ்ந்த காளான் போன்ற மணிகள். உருவத்திலும் அளவிலும் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், ஒலி மட்டும் வேறு. ஒவ்வோர் ஒலிக்கும் இரண்டு மணிகள் உண்டு. குழந்தை சிறு சுத்தியால் ஒன்றைத் தட்டி, அதன் இணையை மற்ற மணிகளுக்கிடையே தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். தொடக்கத்தில் ஒலியால் வெகுவாக வேறுபட்ட இரண்டு மூன்று இணைகளே போதும். கண் இங்கே உதவாது, செவிதான் வழிகாட்டவேண்டும். 'சரி', 'தவறு' என்று ஆசிரியர் சொல்லவேண்டிய தேவையும் இல்லை. ஒலியே அதைச் சொல்லிவிடுகிறது.

இக்கருத்து நமக்கு முற்றிலும் புதியதன்று. இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் என்ன காட்டுகிறார்? மாதரி ஏழு ஆயர் மகளிரை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரை அவர்களுக்கு இடுகிறாள். ஒவ்வொரு பெண்ணும் ஒரு சுரம்! ஏழு குழந்தைகளின் கையில் ஏழு ஒலிகளைக் கொடுத்து, 'நீ குரல், நீ துத்தம்' என்று விளையாடச் செய்தால் அடிகளாரின் குரவை நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலேயே அமைந்துவிடும். தன் முறை வரும்வரை பிறர் ஒலியைக் கேட்டுக் காத்திருக்கும் பழக்கமும் குழந்தைக்கு இதனால் வருகிறது.

வாத்தியத் தேர்வில் நம் இல்லங்களில் எழும் இன்னொரு வினாவையும் தவிர்க்க விரும்பவில்லை. மிருதங்கத்துக்குப் பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல் வேண்டும். கஞ்சிராவுக்கு மரபாகப் பயன்பட்டது உடும்புத் தோல். கொல்லாமையை நெறியாகக் கொண்ட பெற்றோர் தயங்குவது இயல்பே. அக்கலையைப் பயில்வோரையும் அக்கருவிகளைச் செய்யும் கைவினைஞரையும் குறைகூறுவது என் நோக்கமன்று. மழலையின் முதல் வாத்தியத்தைப் பொறுத்தவரை இந்தச் சிக்கல் எழவேண்டிய தேவையே இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

மாண்டிசோரி மணிகள் விலை மிகுந்தவை. எல்லா வீடுகளுக்கும் இயலாது. மாட வீதிக் கடைகளில் கிடைக்கும் பூசை மணிகள் சுருதி பார்த்து வார்க்கப்பட்டவை அல்ல. ஆனால் நம் மரபில் ஜலதரங்கம் இருக்கிறது. சீதா துரைசாமி அம்மையார் முதுமை வரை வாசித்துக் காத்த அந்த வாத்தியம் அடிப்படையில் பீங்கான் கிண்ணங்களும் நீரும்தான். வெவ்வேறு அளவில் எட்டுக் கிண்ணங்களும், இரண்டு மெல்லிய மூங்கில் குச்சிகளும், ஒரு சுருதிப் பெட்டியும் போதும். கிண்ணத்தில் நீர் ஏற ஏற, அதன் சுவர் அசையும் வேகம் குறைந்து ஒலி தாழும். ஆகவே வெறுங்கிண்ணத்தின் ஒலி வேண்டிய சுரத்தைவிடச் சற்று உயர்ந்திருக்குமாறு தேர்ந்தெடுங்கள். பிறகு கரண்டியைக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுங்கள். "இன்னும் ஒரு கரண்டி ஊற்றட்டுமா?" என்று அது தானே கேட்கத் தொடங்கும். சுருதி சேர்ப்பது என்றால் என்ன என்பதை ஐந்து வயதில் இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பாடம் எனக்குத் தெரியவில்லை.

முதல் வாரம் இரண்டே கிண்ணங்கள், ஸட்ஜமும் பஞ்சமமும். குழந்தை கண்ணை மூடிக்கொண்டு எது ஒலித்தது என்று சொல்லட்டும். பிறகு அதே ஒலியைப் பாடட்டும். பாடுவது மிக முக்கியம். தட்டுவதோடு நின்றால் இதுவும் கீபோர்டு போலாகிவிடும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். விருந்தினர் முன் வாசித்துக் காட்டச் சொல்லாதீர்கள். பீங்கான் உடையக்கூடியது; உடைந்தால் கடிந்துகொள்ளாதீர்கள், வேறு கிண்ணம் வாங்கிக்கொள்ளலாம்.

எட்டும் சேர்ந்த பிறகு ஒருநாள் இதைச் செய்து பாருங்கள். கிண்ணங்களைச் சங்கராபரணத்தில் சேர்த்து, ஏற்றமும் இறக்கமுமாக இருமுறை தட்டுங்கள். பிறகு ரிஷபக் கிண்ணத்திலும் தைவதக் கிண்ணத்திலும் மட்டும் நீரைச் சிறிது சிறிதாகக் கூட்டி அரைச் சுரம் தாழ்த்துங்கள். மற்ற ஆறையும் தொடவேண்டாம். இப்போது மீண்டும் தட்டினால் ஒலிப்பது மாயாமாளவகௌளை. சரளி வரிசை தொடங்கும் ராகம். சில கரண்டி நீரில் ராகமே மாறிவிட்டதைக் கேட்ட குழந்தை, "மறுபடியும் மாற்றுங்கள்" என்று சொல்லும். மாற்றுங்கள்.