கற்று வந்தது கரையாமல் இருக்க...

தொழிற்பயிற்சி முடிந்து பிள்ளை வீடு திரும்பும் நாள் குடும்பத்துக்கே பெருநாள். அம்மா பிடித்ததைச் சமைக்கிறார். அப்பா சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டச் சுவரில் இடம் பார்க்கிறார். சான்றிதழ் சுவரில் ஏறிவிடுகிறது. ஆனால், அதற்குரிய பாடம் சில வாரங்களிலேயே கையை விட்டுப் போய்விடுகிறது.

மலேசியாவில் பாலிடெக்னிக், பல்கலைக்கழக மாணவர்கள் ஆண்டுதோறும் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பயிற்சிக்குச் செல்கிறார்கள். எங்கே இடம் கிடைத்தது, எவ்வளவு படிப்பணம் என்று எல்லாரும் விசாரிக்கிறார்கள். திரும்பி வந்த பிறகு என்ன ஆனது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

மறதி மனித இயல்பு. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தம் நினைவாற்றலைத் தாமே சோதித்து, 1885-இல் அதன் முடிவை வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பயின்றால்தான் அது நிலைக்கிறது என்று அவர் கண்டார்.

ஆனால், பயிற்சிப் பாடம் அழிவதற்கு மறதி மட்டும் காரணமல்ல. ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி பெற்றவர். அங்கே ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இடம் உண்டு. எடுத்த கருவி திரும்ப வராவிட்டால் பலகையில் அந்த இடம் காலியாகக் கிடந்து காட்டிக் கொடுத்துவிடும். ஊருக்குத் திரும்பியவர், அப்பாவின் கார் பட்டறையை ஒரே வாரத்தில் புரட்டிப் போடுகிறார். இருபது ஆண்டு வேலை செய்தவருக்கு ஸ்பேனர் எங்கே என்று தெரியவில்லை. "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குச் சரி தம்பி, இங்கே ஒத்து வராது" என்கிறார் அப்பா. அடுத்த மாதம் பழைய குருடி, கதவைத் திறடி!

இதில் அப்பா மீது குற்றமில்லை. மகன் விதியைக் கொண்டு வந்தார். அந்த விதி எதற்காக என்பதை யாருக்கும் சொல்லவில்லை. தொழிற்சாலையில் அவருடைய ஒழுங்கைத் தாங்கி நின்றவை அங்குள்ள பலகையும் மேற்பார்வையாளரும் சக தொழிலாளர்களும். வீட்டுக்கு வந்தபோது அந்தத் தாங்கல் கூட வரவில்லை.

1950-இல் ஜப்பானில் இதே நிலையில் ஒருவர் இருந்தார். டொயோட்டா நிறுவனம் பண நெருக்கடியாலும் தொழிலாளர் போராட்டத்தாலும் ஆட்டம் கண்டிருந்த ஆண்டு அது. நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த எய்ஜி டொயோடா, தமது 36-ஆவது வயதில், அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்தில் சில வாரங்கள் பயிற்சி பெற்றார். அங்கே பார்த்த பிரம்மாண்டத்தை அப்படியே ஊருக்குக் கொண்டு வர முடியாது. அதற்குப் பணமும் இல்லை, அவ்வளவு கார்களை வாங்க ஆளும் இல்லை.

அவர் கொண்டு வந்தவற்றுள் ஒன்று மிக எளியது. வேலையைச் செம்மைப்படுத்தத் தொழிலாளர்களிடமே யோசனை கேட்கும் முறை ஃபோர்டில் இருந்தது. அதைத் தழுவி 1951-இல் டொயோட்டாவில் யோசனைத் திட்டம் தொடங்கியது. எழுபது ஆண்டுகளைக் கடந்தும் அது நடக்கிறது. காரணம், பாடம் பயிற்சிக்குப் போய் வந்தவரின் தலைக்குள் தங்கவில்லை. பயிற்சிக்கே போகாத தொழிலாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

1982-இல் மலேசியா 'கிழக்கு நோக்கும் கொள்கை'யை அறிவித்து, மாணவர்களையும் பயிற்சியாளர்களையும் ஜப்பானுக்கு அனுப்பத் தொடங்கியது. ஜப்பானியத் தொழிற்சாலைகளின் '5எஸ்' முறை இங்கும் பலருக்குப் பழக்கமானது. வேண்டாததை ஒதுக்குவது, இருப்பதை ஒழுங்காக வைப்பது, சுத்தம் செய்வது, அதையே முறையாக்குவது ஆகியவை முதல் நான்கு. ஐந்தாவதான 'ஷிட்சுகே'தான் கடினம். யாரும் பார்க்காதபோதும் கடைப்பிடிக்கும் கட்டொழுங்கு அது. முதல் நான்கையும் ஆரம்ப சூரத்தனத்திலேயே செய்துவிடலாம். ஐந்தாவதற்கு நாள்தோறும் உழைக்க வேண்டும்.

ஆகவே, பயிற்சி முடித்துத் திரும்பும் இளையோர் கற்ற பத்தையும் ஒரே நாளில் இறக்கி வைக்க வேண்டாம். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். செலவில்லாததாக, முதல் வாரத்திலேயே தொடங்கக்கூடியதாக அது இருக்கட்டும். தினமும் அதற்கென ஒரு நேரத்தை ஒதுக்குங்கள். பயிற்சிக் குறிப்பேட்டை அலமாரியில் பூட்டி வைக்காமல் மாதம் ஒருமுறை புரட்டுங்கள். தம்பிக்கோ தங்கைக்கோ சொல்லிக் கொடுங்கள். அடுத்தவருக்கு விளக்கும்போதுதான் தனக்கே எது புரியவில்லை என்று தெரியும். பட்டறையில் மூத்தவர் இருந்தால், முதலில் அவருடைய யோசனையைக் கேளுங்கள். அவர் கை வைத்த மாற்றத்தை அவரே காப்பாற்றுவார்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. பிள்ளை பயிற்சி முடித்து வந்ததும் "சம்பளம் எவ்வளவு கிடைக்கும்?" என்பதே பல வீடுகளில் முதல் கேள்வி. அது தேவையான கேள்விதான். அதோடு, "அங்கே கற்றதில் எதை இங்கே செய்து பார்க்கலாம்?" என்றும் கேட்டுப் பாருங்கள். பிள்ளை சொல்லும் பதிலுக்கு வீட்டிலோ கடையிலோ ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுங்கள். மூன்று மாதம் பொறுத்திருங்கள். சுவரில் தொங்கும் சான்றிதழுக்கு அப்போதுதான் உயிர் வரும்.