ஒருவர் இடத்தில் இருவர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி ஏற்காட்டில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தின் விழாவில் ஒரு ராக் இசைக்குழுவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அழைப்பிதழில் கண்டதும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "ஐயா, சங்க இலக்கியம் தீர்ந்துவிட்டதா?" தீரவில்லை. சற்று நேரத்தில் அங்கும் போவோம். ஆனால் போன மாதம் நம் செயற்குழுவில் எழுந்த கேள்வி என்னை வேறொரு பக்கம் தள்ளிவிட்டது. இந்த வட்டத்தைத் தொடங்கியவர்கள் ஏழு பேர். இன்று கூட்டத்துக்கு வருகிறவர்கள் இருவர். ஒருவர் காலமானார். ஒருவர் நம்மோடு கருத்து வேறுபட்டு விலகினார். மூவரை ஊர்மாற்றமும் உடல்நலிவும் கொண்டுபோயின. பழைய பெயரைப் பத்தாம் ஆண்டோடு மரியாதையாக முடித்துவிட்டு, இளையவர்கள் வேறு பெயரில் தொடங்கட்டும் என்று ஒரு முன்மொழிவு வந்தது. அதை முன்மொழிந்தவன் நான்தான்.

அன்றிரவு வீடு திரும்பியதும் பழைய ஒலிநாடா ஒன்றைத் தேடி எடுத்தேன். விடுதிப் பள்ளியில் ஆசிரியராக இருந்த காலத்தில், கோடை விடுமுறைக்கு ஊர் போன மாணவன் ஒருவன் என் மேசையில் விட்டுச் சென்றது. 'இந்தியன் ஓஷன்' என்ற தில்லிக் குழுவின் 'கந்தீசா'. 2000ஆம் ஆண்டு வெளிவந்த தொகுப்பு. கேரளத்துச் சிரியன் கிறித்தவர்களிடையே வழங்கிவரும் ஒரு பழைய அரமேய மொழித் துதிப்பாடலிலிருந்து பெயர் பெற்றது. கிட்டார் ஒரு பக்கம், தபேலா ஒரு பக்கம், பொருள் புரியாத ஒரு மொழி நடுவில். முதன்முதலாகக் கேட்டபோது இது ராக் இசைதானா என்றே எனக்கு ஐயம். இன்றும் அந்த ஐயம் முழுதாகத் தீரவில்லை. தீர வேண்டியதும் இல்லை.

அந்தக் குழுவின் கதையைச் சொல்கிறேன். சுஸ்மித் சென் கிட்டார் வாசிப்பவர். அசீம் சக்ரவர்த்தி தபேலாவும் பாட்டும். இவ்விருவரும் 1984இல் சந்தித்தார்கள். குழுவாக உருவானது 1990இல். தொடக்கத்தில் உடனிருந்தவர்கள் சிலர் விரைவிலேயே விலகினர். 1991இல் ராகுல் ராம் பேஸ் கிட்டாருடன் வந்தார். நர்மதை அணை எதிர்ப்பு இயக்கத்தில் பணியாற்றியவர். வந்தவர் காலியிடத்தை மட்டும் நிரப்பவில்லை. நர்மதைக் கரையின் 'மா ரேவா' பாட்டைக் கையோடு கொண்டுவந்தார். 1994இல் அமித் கிலம் என்ற இளைஞர் டிரம்ஸில் அமர்ந்தார். அவர் கிளாரினெட்டையும் ரெக்கார்டர் குழலையும் சேர்த்துக்கொண்டு வந்தார். அப்படி அமைந்த நால்வர் அணி பதினைந்து ஆண்டுகள் மாறாமல் இருந்தது. 'கந்தீசா' தொகுப்பு அந்த நால்வரின் படைப்பு. ஆகவே நாம் 'அசல்' என்று கொண்டாடும் நால்வரில் இருவர் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். இதை நான் கவனிக்கவே இல்லை. கேட்கத் தொடங்கிய நாளில் யார் இருந்தார்களோ அவர்களையே மூலவர் என்று நம்பிவிடுகிறோம்.

இப்போது சங்கத்துக்கு வருகிறேன். இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களுக்கும் புலவர் கணக்குச் சொல்கிறது. தலைச்சங்கத்தில் வீற்றிருந்தவர் 549 பேர், இடைச்சங்கத்தில் 59, கடைச்சங்கத்தில் 49. வரலாறாக அதை ஏற்க வேண்டாம். ஆனால் அந்த மரபை எழுதியவரின் மனப்போக்கைப் பாருங்கள். ஊர் மாறுகிறது, அரசர் மாறுகிறார்கள், ஆட்கள் முழுதும் மாறுகிறார்கள், பெயர் மட்டும் சங்கமாகவே நிற்கிறது. முதலிரண்டு பட்டியல்களிலும் அகத்தியனார் இருக்கிறார். 1968இல் தொடங்கிய ஆங்கிலக் குழுவான 'டீப் பர்ப்பிள்' தன் ஆள் மாற்றங்களை அதன் ரசிகர்கள் 'மார்க் ஒன்று, மார்க் இரண்டு' என்று எண்ணும் அளவுக்கு மாறிக்கொண்டே வந்தது; எல்லா எண்ணிலும் இருப்பவர் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ் ஒருவரே. நம் உரையாசிரியரும் அந்த ரசிகர்களும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள் என்று எண்ணும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

பெயர் நின்று குழு மறைவதும் உண்டு. பாவலர் வரதராசன் பொதுவுடைமை மேடைகளில் பாடிய குழுவில் பாஸ்கரும் ராசையாவும் அமர்சிங்கும் வளர்ந்தார்கள். தம்பிகள் சென்னை சென்றபின் மேடைக்குழு மறைந்தது. பெயரோ படநிறுவனமாக மாறி, 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' படத்தின் தொடக்கத்தில் வந்து நின்றது. ராசையா யாரென்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆள் போனபின் என்ன செய்வது என்ற கேள்விக்கு 1980ஆம் ஆண்டு இரண்டு விடைகளைத் தந்தது. பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் 'ஏசி டிசி' குழுவின் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். ஜூலைக்குள் பிரையன் ஜான்சன் என்ற புதிய பாடகருடன் அடுத்த தொகுப்பு வெளிவந்துவிட்டது. அட்டை முழுதும் கறுப்பு. முதல் பாட்டு மணியோசையில் தொடங்குகிறது. துக்கம் காத்துக்கொண்டே தொடர்ந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் 'லெட் செப்பலின்' குழுவில் டிரம்ஸ் வாசித்த ஜான் பான்ஹம் இறந்தார். டிசம்பரில் மற்ற மூவரும் இனித் தொடர முடியாது என்று அறிவித்தார்கள். பின்னர் 2007இல் லண்டனில் ஒரே ஒரு முழு இரவு நிகழ்ச்சிக்காகக் கூடியபோது, தந்தையின் இடத்தில் மகன் ஜேசன் அமர்ந்தார். அதன்பின் கலைந்துபோனார்கள்.

இரண்டில் எது நேர்மை என்று கேட்டால், இரண்டுமே என்பேன். நேர்மையற்றது மூன்றாவது ஒன்று இருக்கிறது. போனவரைப் போலவே பாடக்கூடிய ஒருவரைத் தேடிப் பிடித்து, பழைய பாட்டுகளையே பாடவைத்து, எதுவும் நடக்காததுபோல் இருப்பது.

தில்லிக்குத் திரும்புகிறேன். 2009 அக்டோபரில் கத்தார் நாட்டின் தோகாவில் அசீமுக்கு மாரடைப்பு வந்தது. டிசம்பர் 25ஆம் நாள் தில்லியில் இறந்தார். மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து, விரல்கள் தபேலாவில் ஓட, அதே மூச்சில் பாடியவர் அவர். தாளத்துக்கும் குரலுக்கும் ஒரே உடல். அந்த இடத்தில் யாரை அமர்த்துவது? அமர்த்தவில்லை. குரலுக்கு இமான்ஷு ஜோஷி வந்தார். தாளத்துக்குத் துஹீன் சக்ரவர்த்தி வந்தார். ஒருவர் இருந்த இடத்தில் இருவர். எனக்கு இந்தச் செய்தி தெரிந்த நாளில், இது வெறும் வசதிக்கான ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. இன்னொரு அசீம் கிடைக்கமாட்டார் என்பதை அந்தக் குழு தன் அமைப்பிலேயே ஒப்புக்கொண்டது.

அவர் உயிரோடிருந்தபோது பதிவு செய்த பாட்டுகளையும் அவர்கள் புதைத்துவிடவில்லை. 2010இல் அவற்றை மாதம் ஒன்றாக இலவசமாகக் கொடுத்தார்கள். தொகுப்பின் பெயர் '16/330 கஜூர் ரோடு'. தில்லி கரோல் பாக்கில் அவர்கள் பல்லாண்டு ஒத்திகை பார்த்த பழைய வீட்டின் முகவரி அது. ஆள் நிலைக்காதபோது முகவரியைத் தலைப்பாக்கிய அந்த மனத்தை, மாதந்தோறும் இதே அறையில் கூடும் நம்மைப்போன்றவர்கள் உணர முடியும்.

2013இல் சுஸ்மித் சென்னும் விலகினார். கிட்டாருக்கு நிகில் ராவ் வந்தார். தொடக்கத்துக்குக் காரணமான இருவருமே இப்போது இல்லை. இனி அதை 'இந்தியன் ஓஷன்' என்று அழைப்பது எப்படி என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். மறு ஆண்டே 'தந்தானு' தொகுப்பு வந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் விருந்தாளியாக வெளிக் கலைஞர்களை அழைத்திருந்தார்கள். வயலினில் குமரேஷ், கஞ்சிராவில் செல்வகணேஷ் என்று நம் பக்கத்தவரும் அதில் உண்டு. வீட்டில் ஆள் குறைந்தபோது கதவைச் சாத்தாமல் திறந்துவைத்தார்கள். ஒளிக்காமல் சொல்கிறேன், பழைய பாட்டுகளைப் புதியவர்கள் பாடும்போது என் காது இன்றும் அசீமைத்தான் தேடுகிறது. 'தந்தானு'வைக் கேட்கையில் தேடுவதில்லை. புதியவர்களுக்கென்று புதிய பாட்டு இருந்தால்தான் பழைய காது அடங்குகிறது.

இங்கே காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் நண்பர்கள் பலர் இருக்கிறீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த பயிர் அது. தண்டுத் துளைப்பான் விழுந்த செடியைப் பிடுங்கி எரிக்கிறீர்கள். அந்த இடத்தில் நாற்று வைக்கிறீர்கள். ஐம்பது ஆண்டில் முதலில் நட்ட செடி ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். தோட்டத்தின் பெயரை யாரும் மாற்றுவதில்லை. ஆனால் நாற்றிடம் முதல் ஆண்டே காய் கேட்கிறவரை நான் பார்த்ததில்லை.

நாம் கேட்டோம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

நம்மில் காலமான நண்பர் ஒவ்வொரு கூட்டத்தையும் தம் கவிதை ஒன்றைப் பாடித் தொடங்கிவைப்பார். அவர் போனபின், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அதே கவிதைகளை, அதே மெட்டில் பாடச் சொன்னோம். நல்ல குரல். மூன்று மாதம் பாடினார். ஒவ்வொரு முறையும் முடிந்ததும் நாம் என்ன சொன்னோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். "அவர் அந்த இடத்தில் கொஞ்சம் இழுப்பார் அம்மா" என்றோம். சொன்னவன் நான். அந்தப் பெண் தானும் கவிதை எழுதுகிறவர் என்பது நமக்குத் தெரியும். ஒருமுறையாவது அதை வாசிக்கச் சொன்னோமா? நான்காம் மாதம் அவர் வரவில்லை. இளையவர்களுக்கு ஈடுபாடு இல்லை என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தோம். அந்தக் கையெழுத்தும் என்னுடையதே.

ஆகவே என் முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன். பெயர் இருக்கட்டும். விலகிப்போன நண்பருக்கும் இந்த மலரின் படி ஒன்றை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பெற்றுக்கொள்வதும் மறுப்பதும் அவர் விருப்பம். மறைந்த நண்பரின் கவிதைகளை இனி யாரும் அவர் மெட்டில் பாட வேண்டாம். வேண்டியவர் வேண்டியபடி வாசிக்கட்டும். கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் புதிதாக எழுதுகிறவர்களுக்கு. இதற்குச் செயற்குழு இசைந்தால் குறிப்பேட்டின் பழைய வரியை நானே அடிக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு நேரில் போய் அழைப்பிதழ் கொடுத்துவிட்டு வந்தேன். கடைசி வரிசையில், சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். கையில் ஒரு நோட்டு இருப்பதாகத் தெரிகிறது. எனக்கு ஒதுக்கிய நேரத்தில் இன்னும் சில நிமிடங்கள் மீதி இருக்கின்றன. தலைவர் அனுமதித்தால் அதை அவர் எடுத்துக்கொள்ளட்டும். நான் உட்காருகிறேன்.