முள்ளை நம்பலாமா?

தை மாத அறுவடையில் குத்தாலம் பக்கம் டிராக்டர் ஓட்டுகிறவர்கள், வயலுக்குக் கிளம்புமுன் டீசல் டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பதுண்டு. மீட்டர் முள் பாதி என்றாலும், குச்சி நனைந்த அளவுதான் கணக்கு. நடுவயலில் டீசல் தீர்ந்தால் குழாயில் காற்று ஏறிவிடும். டீசல் ஊற்றினாலும், அந்தக் காற்றை வெளியேற்றினால்தான் இன்ஜின் பிடிக்கும். வேலை கெடும், ஆள் பிழைப்பார். வானத்தில் அந்தச் சலுகை கிடையாது.

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று, கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விமானம் விழுந்து இறந்தார். அது லாங் ஈசீ என்ற சின்ன விமானம். பர்ட் ருட்டான் வடிவமைத்த வரைபடத்தை வைத்து ஒருவர் சொந்தமாகக் கட்டியது. டென்வர் அதைப் புதிதாக வாங்கியிருந்தார். எரிபொருள் அளவு பார்க்கும் கண்ணாடிகள் விமானியின் முதுகுப் பக்கம் இருந்தன, அவற்றில் அளவுக் கோடே இல்லை. டேங்க் மாற்றும் கைப்பிடி இடது தோளுக்குப் பின்னால். அதைத் திருப்ப உடலை வளைத்தபோது விமானம் கைமீறிப் போனது என்பது விசாரணையின் முடிவு. கிளம்புமுன் எரிபொருள் நிரப்பாததையும், கோடில்லாத கண்ணாடியையும் காரணங்களில் சேர்த்தார்கள்.

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் பலர் இன்று டிராக்டரில் உள்ளதைப் போன்ற மிதவை மீட்டரைத்தான் வைக்கிறார்கள். டேங்குக்குள் மிதவை ஏறி இறங்கும். அதன் கை ஒரு மின்தடைச் சுருளின் மேல் நகரும். அமெரிக்க வகையில் காலி டேங்குக்கு 240 ஓம், நிறைந்தால் 33 ஓம். அந்த மாற்றத்தைத்தான் முள் காட்டுகிறது.

முள் தவறினால் உடனே புது மீட்டர் வாங்க ஓட வேண்டாம். சுவிட்சை அணைத்து, டேங்கிலிருந்து வரும் ஒயரைக் கழற்றுங்கள். சுவிட்சைப் போட்டால், நான் சொன்ன வகையில், முள் காலிக்கு வர வேண்டும். மறுபடி அணைத்து, ஒயரை எர்த்தில் இணைத்துப் போட்டால் நிறைவுக்கு ஏற வேண்டும். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் பொறி பறக்கக்கூடாது, அதனால்தான் ஒவ்வொரு முறையும் அணைக்கச் சொல்கிறேன். முள் இரண்டுக்கும் சரியாக அசைந்தால் மீட்டரும் ஒயரும் நல்லவை. கோளாறு டேங்க் பக்கம்.

அங்கே முதல் சந்தேகம் எர்த் மேல். பெயின்ட்டும் துருவும் அதைக் கெடுக்கும். கண்ணாடி இழையில் கட்டிய விமானத்தில் உடம்பே மின்சாரம் கடத்தாது. தனி எர்த் ஒயர் இழுத்தே ஆக வேண்டும். அதுவும் சரியென்றால் மிதவையைக் கழற்றி, மல்டிமீட்டரில் வைத்து மெல்ல உயர்த்துங்கள். எண் ஓரிடத்தில் தாவினால் சுருள் தேய்ந்திருக்கிறது. மிதவையைக் குலுக்கும்போது உள்ளே தளும்பினால் ஓட்டை. அது மூழ்கிக் கிடந்து எப்போதும் காலி என்றே காட்டும்.

மிதவைக்குப் பதிலாக மின்கொள்திறனால் அளக்கும் கருவியும் உண்டு. பெட்ரோலில் எத்தனால் கலப்பு மாறினால் அதன் கணக்கும் மாறும். இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கும் நம் நாட்டில் இதை மறக்கக்கூடாது.

பழுது பார்த்தபின் அளவு போட வேண்டும். வால் சக்கர விமானம் தரையில் மூக்கைத் தூக்கி நிற்கும்; வாலை உயர்த்தி, பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, முள் நிற்குமிடத்தைக் குறியுங்கள். கூடவே ஒரு குச்சியிலும் கோடு போடுங்கள். டிராக்டரை வரப்புச் சரிவில் நிறுத்தாமல் சமதரையில் நிறுத்தி அளந்தால், இதே முறை அதற்கும் பொருந்தும்.

முள் ஒன்று, குச்சி ஒன்று, ஓடிய மணிக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கு ஒன்று. மூன்றும் ஒத்துப்போனால் கிளம்புங்கள். ஒன்று முரண்பட்டால், எது குறைவாகச் சொல்கிறதோ அதை நம்பி நிரப்பிக்கொள்ளுங்கள்.